திங்கட்கிழமை ரத்தம்

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் 'நார்மல்' என்றுதான் கூப்பிட்டார்கள். கிண்டலாக ஆரம்பித்த பெயர். போகப் போக அதில் கொஞ்சம் மரியாதையும் ஒட்டிக்கொண்டு 'நார்மல் சார்' ஆகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள்தான் ஒரு கணம் திருதிருவென்று விழிப்பார்கள்.

வாழ்க்கை முழுக்க அவர் நடுவில் இருந்தவர். வீட்டில் நடுப்பிள்ளை. பள்ளிக்கூடத்தில் பாஸ், ஆனால் யாரும் கைதட்டும் அளவுக்கு இல்லை. உயரமும் இல்லை, குள்ளமும் இல்லை. முன்பு பஸ் முன்பதிவுக் கவுன்ட்டரில் வேலை பார்த்தார். ஜனங்கள் போனிலேயே டிக்கெட் எடுக்கப் பழகியதும் கவுன்ட்டரை மூடினார்கள். செருப்புக்கடைக்கு மேல் மாடியில் புதிதாகத் திறந்திருந்த லேபில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் படியேறினார். "கோபக்காரங்களைச் சமாளிப்பீங்களா?" என்று கேட்டார் லேபை நடத்திய டாக்டரம்மா. "கடைசி பஸ் போனப்புறம் டிக்கெட் கேட்டு வந்தவங்களையே சமாளிச்சிருக்கேன் மேடம்" என்றார் இவர். வேலை கிடைத்தது.

டாக்டரம்மாவுக்கு ஒரு பிடிவாதம். தினமும் காலையில் முதல் நோயாளியின் ரத்தத்தைத் தொடுவதற்கு முன் மெஷினைச் சோதிக்க வேண்டும். அதற்கென்று கம்பெனியிலிருந்து கன்ட்ரோல் பாட்டில் வரும். உள்ளே இருப்பது பக்குவப்படுத்திய ரத்தம். அதில் ஹீமோகுளோபின் எவ்வளவு, அணுக்கள் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். மெஷின் அந்தக் கணக்கைச் சொன்னால்தான் அன்றைய வேலை தொடங்கும். "கடைக்காரன் தராசுல எடைக்கல்லை வச்சுப் பாத்துட்டுத்தான் அரிசி நிறுக்கணும். நாம நிறுக்கறது மனுஷ உசிரு" என்பார்.

பாட்டில் மட்டும் அவருக்குப் போதவில்லை. வாரத்துக்கு ஒருமுறை உயிருள்ள ஆரோக்கியமான ரத்தம் ஒன்றையும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். அதே ஆளின் ரத்தம் வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறாது. மாறினால் மெஷினைச் சந்தேகப்படலாம். ஆள் தேடியபோதுதான் சங்கடம் தெரிந்தது. டாக்டரம்மாவுக்குச் சர்க்கரை. துப்புரவு பார்க்கும் அம்மாவுக்குத் தைராய்டு. டெக்னீஷியன் பெண் காற்றடித்தால் பறந்துவிடுகிறவள். ஒரு இடத்தில் நிற்கமாட்டாள், அதனால் அவளுக்கு 'சிட்டு' என்று பெயர். ரத்தம் அவளுக்கே போதாது. மிச்சமிருந்தது வரவேற்பு மேசைக்காரர். அவர் ரத்தத்தை ஓட்டினார்கள். ஹீமோகுளோபின் பதினாலரை. வெள்ளணு, தட்டணு, அணுக்களின் அளவு, ஒவ்வொன்றும் இருக்க வேண்டிய எல்லைக்குள் சொல்லிவைத்தாற்போல நட்டநடுவில் நின்றது.

"இப்படி ஒரு ரிப்போர்ட்டை நான் புஸ்தகத்துலதான் பாத்திருக்கேன்" என்றார் டாக்டரம்மா. "நீங்க நார்மல் இல்ல, நார்மலுக்கே நார்மல்."

அன்று மாலை அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினார். அவள் திரைச்சீலை தைத்துக்கொடுப்பவள். தையல் மெஷினிலிருந்து காலை எடுக்காமலே வாசித்தாள்.

"எல்லாம் சரி. தூக்கத்துல உளர்றது இதுல எந்த வரியில இருக்கு?"

"அதெல்லாம் ரத்தத்துல வராது."

"அப்ப பாதி டெஸ்ட்தான் பண்ணியிருக்காங்க."

அவள் என்ன சொன்னாலும் அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை முளைத்துவிட்டது. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு முதல்முறையாக ஒரு விஷயத்தில் அவரைத் தேடி ஆள் வரும்படி ஆகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வெளியே சாப்பிடுவதை நிறுத்தினார். சீக்கிரம் படுத்தார். திங்கட்கிழமை காலை முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சிட்டுவின் முன் கையை நீட்டுவார். அவள் ஓட்டி முடித்ததும் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் புள்ளி வைப்பாள். நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, மறுபடி மேலே. அப்படியே சில வருஷங்கள் ஓடின.

மூட்டுவலி அதற்குப் பிறகு வந்தது. நடக்க முடியாத முதியவர்களின் வீட்டுக்குப் போய் ரத்தம் எடுத்துவரும் வேலையையும் அவர் பழகிச் செய்துவந்தார். லிஃப்ட் இல்லாத மாடிகள். வலது முழங்கால் முனக ஆரம்பித்தது. மனைவியின் தம்பிக்கு மருந்துக்கடை உண்டு. "இதைப் போடுங்க மச்சான், குதிரை மாதிரி ஓடுவீங்க" என்று ஒரு அட்டை மாத்திரையைக் கையில் திணித்தான். போட்டார். உண்மையாகவே வலி பறந்துவிட்டது. அட்டை தீர்ந்ததும் இன்னொன்று வாங்கினார். காலையில் வெறும் வயிற்றில், சில நாள் மாலையிலும். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் மனைவி தம்பியையும் திட்டுவாள், தன்னையும் திட்டுவாள், ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மா கண் ஆபரேஷன் செய்துகொண்டு சில வாரம் வீட்டில் இருந்தார். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேறொரு டாக்டர் மாலையில் வந்து, நின்றபடியே போட்டுவிட்டுப் போவார். லேப் சிட்டுவின் தலையில் விழுந்தது. போதாக்குறைக்குக் கன்ட்ரோல் பாட்டில் தீர்ந்துபோனது. புதுப் பார்சல் இன்று வரும் நாளை வரும் என்று இழுத்தது. மெஷினைச் சோதிக்க நார்மலின் ரத்தம் மட்டுமே மிஞ்சியது.

அந்த ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் புள்ளி நடுக்கோட்டை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நழுவியது. ஒரு நாள் பதிமூன்றுக்கும் கீழே போனதும் சிட்டு கையைப் பிசைந்துகொண்டு மேசைக்கு வந்தாள்.

"அண்ணா, உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"எனக்கா? குண்டுக்கல்லு மாதிரி இருக்கேன்."

"இல்ல, ஹீமோகுளோபின் கம்மியா காட்டுது. போன வாரமும் கம்மி."

"மெஷினுக்கு வயசாகுதும்மா. என் ரத்தம் இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது மாறியிருக்கா? என்னைப் பாக்காத, மெஷினைப் பாரு."

அவர் சொன்ன தோரணையில் அவளுடைய சந்தேகம் அடங்கிப்போனது. சுவரிலிருந்த பழைய புள்ளிகளும் அவர் பக்கமே சாட்சி சொல்லின. சர்வீஸ் இஞ்சினியர் செய்வதை அவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். மெஷினின் அமைப்புக்குள் போய், நார்மலின் ரத்தம் பழையபடி பதினாலரை காட்டும்வரை கணக்கைத் தூக்கிவைத்தாள். இருவரும் நிம்மதியாக டீ குடித்தார்கள்.

நான்கைந்து நாளில் பார்சல் வந்தது. பாட்டிலை ஓட்டினாள், ஹீமோகுளோபின் இருக்க வேண்டியதைவிட அதிகமாகக் காட்டியது. பார்சல் பெட்டி தொட்டால் சுட்டது. கூரியர்காரர் அதை வெயிலில் நின்ற வண்டியிலேயே போட்டுவைத்திருந்ததாக ஒப்புக்கொண்டார். "பாட்டில் வெந்துபோச்சு" என்று முடிவு கட்டினாள். வேறு பாட்டில் கேட்டுக் கடிதம் போட்டாள். நார்மலும் தலையாட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை அவருடைய புள்ளி மறுபடி இறங்கியது. அதற்கடுத்த வாரமும். புதுப் பாட்டில் வரட்டும் என்று சிட்டு அதை விட்டுவைத்தாள்.

டாக்டரம்மா கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்குத் திரும்பிய அன்றே, பள்ளி ஆசிரியை ஒருவர் இரண்டு தாள்களை மேசையில் வைத்தார். ஒன்று இந்த லேபில் எடுத்தது. மற்றொன்று மறுநாளே வேறு ஆஸ்பத்திரியில் எடுத்தது.

"இங்க பன்னெண்டுன்னு போட்டிருக்கீங்க. அங்க பத்தரைதான் இருக்குன்னு சொல்றாங்க. ஒரே நாள்ல என் ரத்தம் எங்க போச்சு?"

"அவங்க மெஷின் எப்படியோ தெரியாது. எங்க மெஷின் சரியா இருக்குதும்மா" என்றார் நார்மல்.

"எப்படிச் சொல்றீங்க?"

"என் ரத்தத்தை வச்சுத்தான் பாக்கறோம்."

ஆசிரியை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க முகமே வெள்ளைச் சுவரு மாதிரி இருக்கு. நீங்க சொல்றீங்களா?"

உள்ளேயிருந்து டாக்டரம்மா எழுந்து வந்தார். ஆசிரியையை உட்காரவைத்து, இரண்டு தாள்களையும் கண்ணுக்கு அருகில் பிடித்து வாசித்தார். பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நார்மலைப் பார்த்தார். கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். சுவரில் இருந்த வரைபடத்தின் முன் போய் நின்றார்.

"இங்க என்ன நடந்தது? திடீர்னு மேல குதிச்சிருக்கு."

சிட்டு நடந்ததைச் சொன்னாள். ஒளிக்கவில்லை. சொல்லச் சொல்ல அவளுக்கே விஷயம் விளங்கிக் குரல் தேய்ந்தது.

"ஹீமோகுளோபின் மட்டும் பாத்தியா, அணுவோட சைஸையும் பாத்தியா?"

"சைஸ்... பாக்கல மேடம்."

"மெஷின் ஹீமோகுளோபினைத் தப்பா அளந்தா அது மட்டும்தான் குறையும். இவருக்கு அணுவே வாரா வாரம் சின்னதாயிருக்கு பாரு. அது மெஷின் பண்ற வேலையில்ல. உடம்புல இரும்புச்சத்து வத்துது." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "எடைக்கல்லு தேஞ்சுபோச்சு. அது தெரியாம தராசைத் திருத்திட்டீங்க ரெண்டு பேரும்."

புதிதாக வந்திருந்த இன்னொரு பாட்டிலைத் திறந்து ஓட்டினார்கள். வெந்துபோனதாகச் சொல்லப்பட்ட பழைய பாட்டில் எவ்வளவு அதிகம் காட்டியதோ, இதுவும் அவ்வளவே காட்டியது. பாட்டில் இரண்டும் யோக்கியமானவை. மெஷின் கணக்கைப் பழையபடி இறக்கினார்கள். பாட்டில் சரியான இடத்தில் வந்து நின்றது. நார்மலின் ரத்தத்தை மறுபடி ஓட்டினார்கள். பன்னிரண்டுக்குக் கீழே.

டாக்டரம்மா அவரைத் தனியே உள்ளே கூப்பிட்டார்.

"என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"ஒண்ணும் இல்ல மேடம்." பிறகு, "முட்டிவலிக்கு ஒண்ணு" என்றார்.

"எத்தனை நாளா?"

"கொஞ்ச மாசமா."

"மலம் கறுப்பாப் போகுதா?"

அவருக்குக் காது சிவந்தது. சிவக்க மிச்சமிருந்த ரத்தம் அவ்வளவுதான். "கீரை சாப்பிடறதால இருக்கும்னு நெனச்சேன்."

"வருஷத்துல எல்லா நாளும் கீரையா சாப்பிட்டீங்க? வயித்துல புண்ணாகி ரத்தம் கசியுது. நாளைக்குக் காலையில கேமரா விட்டுப் பாக்கற டாக்டர்கிட்ட போறீங்க. மாத்திரையை இன்னியோட நிறுத்துங்க."

அவருக்கு வயிறு கூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை. "அப்ப இத்தனை நாள் கொடுத்த ரிப்போர்ட் எல்லாம் மேடம்?" என்று கேட்டார்.

கணக்கை மாற்றிய நாளிலிருந்து அன்று வரை கொடுத்த அத்தனை ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டும் செல்லாது என்றார் டாக்டரம்மா. ஆட்களைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லி, இலவசமாக மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். "நல்லா திடமா இருக்கறவங்களை விட்டுடலாமே மேடம், கம்மியா இருந்தவங்களை மட்டும்..." என்று சிட்டு மெல்ல இழுத்தாள். "யாரு திடம்னு எந்த ரிப்போர்ட்டைப் பாத்துச் சொல்லுவ?" என்று அவர் கேட்டதும் அடங்கிவிட்டாள்.

போன் செய்யும் வேலையை நார்மல் யாருக்கும் விடவில்லை. பஸ் ரத்தான செய்தியைச் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல் அவருடையது; ஆனால் இதற்கு அது உதவவில்லை. "எங்க மெஷின்ல தப்பு நடந்துபோச்சு, உங்க ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம்" என்பதை முதல் ஆளிடம் இரண்டு தடவை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. சிலர் "பரவாயில்ல சார்" என்றார்கள். ஒருவர், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். ஒரு கர்ப்பிணி, "எனக்கு ரத்தம் ஏறிடுச்சுன்னு நேத்துதானே இரும்பு மாத்திரையை நிறுத்தினேன்" என்று அழும் குரலில் சொன்னாள். "இன்னிக்கே திரும்பப் போடுங்கம்மா. நாளைக்குச் சாயங்காலம் நானே வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துக்கறேன்" என்று சொல்லி முகவரியை எழுதிக்கொண்டார்.

எல்லோரையும்விடச் சிக்கலானவர் பம்ப்செட் மெக்கானிக். குடலிறக்க ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள், மறுநாளே அது. போனை அவர் மகள் எடுத்தாள்.

"அப்பாவை இப்பத்தான் ஆஸ்பத்திரில சேத்துட்டு வந்தேன். பத்துக்கு மேல இருந்தா ஆபரேஷன் பண்ணலாம்னு சொன்னாங்க, நீங்கதானே பத்தேமுக்கால்னு கொடுத்தீங்க?"

நார்மல் ஆட்டோ பிடித்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். வார்டில் மெக்கானிக் கட்டிலில் காலை ஆட்டியபடி பக்கத்துக் கட்டில்காரருக்கு மோட்டார் பழுது பார்ப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார். நார்மல் விஷயத்தைச் சொன்னார். தன் ரத்தம், தன் மாத்திரை, தன் வாய்வீச்சு எதையும் விடவில்லை.

மெக்கானிக் யோசித்தார். "அதாவது, மீட்டர் சரியாத்தான் இருந்துச்சு. வோல்டேஜ் விழுந்ததைப் பாத்துட்டு மீட்டரை முறுக்கிட்டீங்க."

"ஆமாங்க."

"என் பட்டறையில ஒரு பய இப்படிப் பண்ணான். மோட்டார் கருகிப்போச்சு." சட்டைக்கையை மடித்தார். "எடுங்க."

பக்கத்தில் வந்து நின்ற மகள் விடவில்லை. "மன்னிப்புக் கேட்டா போச்சா? நாளைக்குக் கத்தி வச்ச பிறகு தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" வார்டே திரும்பிப் பார்த்தது. தலையைக் குனிந்தபடி ஊசியைக் குத்தினார். ரத்தத்தை லேபுக்குக் கொண்டுபோய் ஓட்டினார்கள். முடிவு ஒன்பதரையைக் கொஞ்சம் தாண்டி வந்தது. ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். ஒரு மாதம் மருந்து சாப்பிட்டு ரத்தம் ஏறிய பிறகு நல்லபடியாக முடிந்தது.

மெக்கானிக்கிடம் ரத்தம் எடுத்த மறுநாள் காலை நார்மலின் வயிற்றுக்குள் கேமரா போனது. டாக்டரம்மா சொன்னபடியே புண். மனைவி கூடவே வந்திருந்தாள். வரும்வரை எதுவும் தெரியாது அவளுக்கு. வெளியே வந்ததும் தம்பிக்குப் போன் போட்டாள். "நீ மருந்துக்கடை வச்சிருக்கியா, மிட்டாய்க்கடை வச்சிருக்கியா?" என்று தொடங்கியவள் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வீட்டுத் தெரு வரை நிறுத்தவில்லை. வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் இவர் பக்கம் திரும்பினாள்.

"வலிக்குதுன்னு எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"நார்மலா இருக்கறவனுக்கு வலிக்கக் கூடாதுன்னு நெனச்சிட்டேன்" என்றார். விளையாட்டாகச் சொல்லத்தான் நினைத்தார். சொல்லி முடிக்கும்போது அது விளையாட்டாக இல்லை. அவள் அதற்குமேல் திட்டவில்லை. தட்டில் சோறு போட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

சிட்டு ராஜினாமா எழுதிக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நான் இல்லாதப்ப பாட்டில் தீந்துபோகவிட்டது என் தப்பு. பாட்டில் இல்லேன்னா அன்னிக்கு லேபை மூடுன்னு உனக்கு நான் சொல்லிவைக்கல. நீ போயிட்டா, வர்ற புது ஆளு இதே தப்பை முதல்லேருந்து கத்துக்கணும்." அன்று முதல் சில விதிகள் வந்தன. எப்போதும் ஒரு பெட்டி பாட்டில் கூடுதலாக இருக்கும். குறைந்த அளவு, சரியான அளவு, அதிக அளவு என்று மூன்று பாட்டிலும் ஓட்டிய பிறகே கதவு திறக்கும். பாட்டில் ஒத்துவராவிட்டால் பாட்டிலைக் குற்றம் சொல்வதற்கு முன் இன்னொன்றைத் திறந்து பார்க்க வேண்டும். டாக்டரைக் கேட்காமல் மெஷின் கணக்கில் யாரும் கை வைக்கக் கூடாது. மாதத்துக்கு ஒருமுறை வெளி லேபோடு மாதிரிகளை மாற்றிக்கொண்டு ஒப்பிட வேண்டும்.

மறுபடி எடுத்த ரத்தங்களில் பெரும்பாலானவை ஆபத்தில்லாமல் வந்தன. கர்ப்பிணி இரும்பு மாத்திரையைத் தொடர்ந்து, சுகமாகப் பிள்ளை பெற்றாள். ஆசிரியை தன் பள்ளியிலுள்ள மற்ற ஆசிரியைகளையும் இந்த லேபுக்கே அனுப்பினார். "தப்புன்னு போன் பண்ணிச் சொன்ன லேப் இது ஒண்ணுதான்" என்றாராம். ஒரே ஒருவரை மட்டும் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. லாரி ஓட்டும் இளைஞன். கொடுத்த நம்பர் வேலை செய்யவில்லை. நார்மல் அவன் தங்கியிருந்த அறையைத் தேடிப் போனார். அறையைக் காலி செய்துவிட்டான், எங்கே என்று தெரியாது என்றார்கள். இரண்டு லாரி செட்டில் சொல்லிவைத்தார். தகவல் வரவில்லை. அது இன்றும் அவருக்கு ஒரு உறுத்தல்தான்.

புண் ஆற சில மாதம் பிடித்தது. ஹீமோகுளோபின் மெதுவாக ஏறிப் பதினாலைத் தொட்டது. திங்கட்கிழமை ரத்தம் கொடுக்கும் வேலைக்கு மட்டும் அவரை டாக்டரம்மா மறுபடி கூப்பிடவில்லை. அவரும் கேட்கவில்லை. பெயர் மட்டும் மாறவில்லை. ஊர் வாயை யார் திருத்துவது?

இப்போது மேசைக்கு யார் வந்தாலும் பெயர், வயது எழுதியதும் அவர் பேனாவை நிறுத்திக் கேட்கிறார்: "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" ஒன்றும் இல்லை என்பார்கள். "வலிக்கு? தூக்கத்துக்கு? யாராவது சொந்தக்காரங்க கொடுத்தது?" என்று விடமாட்டார். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். "ரத்தம் கொடுக்க வந்தா குடும்பக் கதையே கேக்கறாரே" என்று ஒருவர் ஒருநாள் சத்தமாகவே சொன்னார்.

"ஆமா சார்," என்றார் நார்மல், தலை நிமிராமல். "சொல்லுங்க, எழுதிக்கறேன்."